கிரைண்டருக்கு இந்தப் பக்கம்

எங்கள் லைனில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் அது நின்றுவிடும். அங்கிருந்து தகரக் கூரை வரைக்கும் வெறும் இடைவெளி. தங்கச் சுரங்கக் கம்பெனி இந்த வீடுகளைக் கட்டிய காலத்தில் காற்று வரட்டும் என்று விட்டார்களா, செங்கல்லை மிச்சம் பிடித்தார்களா, யாருக்கும் தெரியாது. பழைய பாலகாட் சுரங்கத்துப் பக்கம் எங்கள் வரிசை முழுக்க இப்படித்தான். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் ‘நூறு’ என்பார்கள்.

அந்த இடைவெளி வழியாக எங்களுக்குள் எல்லாமே போய் வரும். கறிவேப்பிலை போகும், குழம்புக் கிண்ணம் வரும், பூனை தன் இஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் குடித்தனம் நடத்தும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு என்னோடு பேசுவார். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இறந்த பிறகு தோசை மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறார். காலையில் ஆரம்பிக்கும் கிரைண்டர் பிற்பகல் வரைக்கும் ஓடும். கிரைண்டர் சத்தத்தில் எதுவும் கேட்காமல் போய்விடக் கூடாதென்று அதற்குப் போட்டியாக டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொள்வார். சீரியல் அவருக்கு, வசனம் எனக்கு.

என் வேலை போனில் பேசுவது. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வருகிற அழைப்புகளை எடுத்து, கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பல வருஷம் அதை பெங்களூரில்தான் செய்தேன். விடியும் முன் எங்கள் ஊர் மாரிகுப்பம் ரயிலில் ஏறி, இருட்டிய பின் இறங்கும் பிழைப்பு. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். சீட்டுக்காகச் சண்டை, தோளோடு தோள் சாய்ந்த தூக்கம், ஓடுகிற வண்டியிலேயே கீரை ஆய்வது, அவரைக்காய் உரிப்பது. என் வீட்டு வாசலில் மதிய வெயில் எந்தப் பக்கம் விழும் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

கொரோனா ஊரடங்கில் கம்பெனி கம்ப்யூட்டரை வீட்டுக்கே அனுப்பியது. ஊரடங்கு முடிந்து மற்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டபோது, என்னைப் போல மூன்று மொழியில் பேசுகிறவர்களை வீட்டிலேயே இருக்க விட்டார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் எங்கள் ஊரில் குழாயடியில் குடத்தோடு நின்றாலே வந்துவிடும். பெங்களூர்க்காரர்களுக்கு அது பெரிய படிப்பாகத் தெரிந்தது. நான் அதைத் திருத்தப் போகவில்லை.

பகல் வெளிச்சத்தில் என் வீட்டில் நான் இருந்தேன். மதியம் சூடாகச் சாப்பிட்டேன். துணி காய்வதைப் பார்த்தேன். இதெல்லாம் ஒரு சந்தோஷமா என்று ரயிலில் போகாதவர்கள் கேட்கலாம். கேட்டுக்கொள்ளட்டும்.

சத்தம் மட்டும்தான் தொல்லை. அதற்கும் பழகிவிட்டிருந்தேன். அழைத்தவர் பேசும்போது மைக்கைக் கையால் பொத்திக்கொள்வேன். காய்கறி ஆட்டோ ஸ்பீக்கரோடு தெருவுக்குள் வந்தால், ‘ஒரு நிமிஷம் சார்’ என்று சொல்லி அழைப்பை நிறுத்திவைப்பேன். இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். அவருடைய கணவர் இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. என்னென்ன காகிதம் வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டார். பாதி கேட்டு, பாதி அழுதார். நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் டி.வி.யில் ஏதோ நகைச்சுவைக் காட்சி. ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. கிரைண்டர் வேறு கடகடவென்று அந்தச் சிரிப்புக்குத் தாளம் போட்டது.

போனில் அழுகை நின்றுவிட்டது. “இது சாவு வூடும்மா. அங்க இன்னா சிரிக்கிறீங்க?” என்று கேட்டார் அந்த அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். அதைக் கேட்டு மதிப்பெண் போட ‘குவாலிட்டி’ என்று ஒரு பிரிவு உண்டு. அங்கிருந்து ஒரு சின்ன வயதுப் பெண் அடுத்த நாளே என்னிடம் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள். ஒரு மாதம் டைம் தருவதாகவும், அதற்குள் வீட்டுச் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றும், அவளே போனில் ஒரு டெஸ்ட் வைப்பாள் என்றும் சொன்னாள். டெஸ்டில் தேறாவிட்டால் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டியதுதான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தத் தர்மபுரி அம்மாவுக்காகத்தான் வேலையில் இறங்கினேன் என்று சொல்ல எனக்கு ஆசை. பாதி அது உண்மையும்கூட. மீதிப் பாதி ரயில். மறுபடி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். கிரைண்டரை நிறுத்தச் சொல்லி அக்காவிடம் கேட்பதில்லை என்றும் அப்போதே முடிவு செய்தேன். என் பிழைப்புக்காக இன்னொருத்தி பிழைப்பை நிறுத்து என்று எந்த வாயால் கேட்பது?

முதலில் முட்டை அட்டை. போனில் ஒருவன் வீடியோ போட்டிருந்தான். முட்டை அடுக்கி வரும் அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டினால் சத்தம் போய்விடும் என்று சத்தியம் செய்யாத குறை. பேக்கரியில் சொல்லிவைத்து, மூட்டை மூட்டையாக வாங்கி வந்து, பசை காய்ச்சி ஒட்டினேன். அக்கா ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தார்.

“இன்னாமே, கோழிப் பண்ணையா வைக்கப் போற?”

ஒட்டி முடித்துப் பேசிப் பார்த்தபோது அறைக்குள் என் குரல் எதிரொலிக்காமல் அழகாக இருந்தது, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி. கிரைண்டரும் அதேபோல அழகாகக் கேட்டது. அட்டை உள்ளே இருக்கிற சத்தத்தைத்தான் மெத்தென்று ஆக்கும், வெளியே இருப்பதை உள்ளே விடாமல் தடுக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. அது புரிவதற்குள் கரப்பான்பூச்சிகளுக்கும் அந்த ஏற்பாடு பிடித்துப்போய்விட்டது. எல்லாவற்றையும் பிய்த்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அடுத்து யாரையும் கேட்காமல் நானே யோசித்தேன். உச்சி வெயிலில் அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு நடுவில் நின்றேன். எங்கெல்லாம் வெளிச்சம் கோடு போட்டதோ, அங்கெல்லாம் சத்தமும் வருகிறது என்று வைத்துக்கொண்டேன். கதவுக்கு அடியில் ஒரு கோடு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு கோடு. ஜன்னல் பலகை வெடிப்பில் ஒன்று. சாக்பீஸால் எல்லாவற்றுக்கும் குறி போட்டேன்.

சைக்கிள் கடையில் பஞ்சரான டியூப்களைக் கேட்டு வாங்கி, நீளமாக வெட்டி நிலையைச் சுற்றி ஆணி அடித்தேன். கதவு அதன் மேல் மெத்தென்று போய் அழுந்தியது. பழைய புடவையை நீளமாகத் தைத்து, உள்ளே மணல் போட்டுக் கதவடியில் நெடுக்க வைத்தேன். மணலை ஆற்று மணலாகத் தேடித்தான் வாங்கினேன். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மணல் எங்கள் ஊர் சயனைட் மேட்டில் மலை மலையாகக் கிடக்கிறதே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். காற்றடித்தால் அந்தத் தூசி தானாகவே வந்து சோற்றில் விழுகிறது, நாம் வேறு அள்ளி வர வேண்டுமா என்றேன். ஜன்னலுக்கு அதன் அளவில் ஒரு மரச்சட்டம், அதில் பஞ்சு மெத்தையை மடித்துக் கட்டினேன். பொதுச்சுவரை ஒட்டி இருந்த இரும்பு பீரோவை நகர்த்தினேன், கிரைண்டர் ஓடினால் அதுவும் கூடவே நடுங்கியது. அந்த இடத்தில் மர ஷெல்ஃபை வைத்து, வீட்டில் இருந்த துணி, கம்பளி, பழைய பாடப்புத்தகம் எல்லாவற்றையும் நெருக்கமாக அடைத்தேன்.

தெருச் சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. காய்கறி ஆட்டோ வந்ததே தெரியாமல் அன்றைக்குத் தக்காளி இல்லாத குழம்பு. மிச்சம் இருந்தது தலைக்கு மேலே: தகரக் கூரை, அப்புறம் அந்த இடைவெளி. அதற்கு ஆண்பிள்ளை உதவி வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரரைப் பிடித்தேன்.

அவர் நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர் கேங்கில் இருந்தவர். பூமிக்குள் தோண்டிக்கொண்டு போகிற இடத்தில், மேலே இருக்கும் பாறை விழாமல் மரக் கம்பங்களை நிறுத்தித் தாங்குவது அந்தக் கூட்டத்தின் வேலை. சுரங்கம் மூடியபோது இளவயசு. இப்போது பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி. என்னைப் போலவே ரயில் தின்ற ஆள்தான். காது வேறு கொஞ்சம் மந்தம். அடுத்த வீட்டு டி.வி. அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. ஆனாலும் வேலையைச் சொன்னதும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆளுக்கு மரம் கிடைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தார். எங்கிருந்தோ பழைய கதவுப் பலகைகளும் நீலகிரிக் கம்பங்களும் வந்து இறங்கின. நாலு மூலையில் கம்பம் நிறுத்தி, அதன் மேல் பலகை பரப்பி, கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டார். பலகைக்கும் கூரைச் சட்டத்துக்கும் நடுவில் மர ஆப்புகளை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். ஊசி நுழைய இடமில்லாமல் இறுகும் வரைக்கும் அடித்தார். பிறகு பொதுச்சுவரின் மேல் ஏறி அந்த இடைவெளியையும் பலகையால் மூடி, அதற்கும் ஆப்பு. அக்கா அன்று மாதா கோயிலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து மார்க்கெட்டுக்கும் போயிருந்தார். திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இருந்துவிட்டேன்.

சாயங்காலம் மழை பிடித்தது.

அந்த மழையை நான் மறக்க மாட்டேன். தகரத்தில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் பலகையில் இறங்கி, கம்பத்தில் இறங்கி, என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று அடித்தது. முன்பு மழை கூரை மேல்தான் பெய்யும். இப்போது அறைக்குள்ளேயே பெய்தது. இதற்குள் அந்தப் பக்கம் அக்கா வந்து கிரைண்டரைப் போட்டார். நாலு கம்பமும் சேர்ந்து உறுமின.

வீட்டுக்காரர் ஒரு கம்பத்தில் தன் மந்தக் காதை வைத்தார். முகம் மலர்ந்தது. “பாருமே, எம்மாம் கிளியரா கேக்குது. அரிசி இன்னும் நைசா ஆவல” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சம்மட்டியை நானே எடுத்திருப்பேன். சத்தத்தைக் கொல்லச் சொன்னால் அதற்கு நாலு கால் வைத்து நடத்திக் கூட்டி வந்திருக்கிறாயே என்று கத்தினேன். அவர் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். கையை அதன் மேல் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“அங்க கம்பம் பேசணும்மே. மேல கல்லு அசைஞ்சா மொதல்ல மரந்தான் முனகும். அத கேட்டுத்தான் நாங்க ஓடுவோம். அதுக்குத்தான் இறுக்கி ஆப்பு அடிக்கிறது. கை அப்படியே பழகிப் போச்சு” என்றார். “இங்க இது ஊமையா இருக்கணும்.”

இறுக்கமாக இருப்பதுதான் சத்தத்துக்கு வழி என்று அப்போது இருவருக்கும் புரிந்தது. ஒன்றோடு ஒன்று தொடாமல் இருந்தால் அது வந்து சேராது. அடுத்த வார விடுமுறையில் ஆப்புகளையெல்லாம் அவரே தட்டிக் கழற்றினார். லாரி டியூபைப் பட்டை பட்டையாக அறுத்து, பலகைகளைக் கூரைச் சட்டத்தில் ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டார். பலகை மேல் பழைய மெத்தைகள். பலகை ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு, அதில் துணியைத் திணித்தோம். கம்பங்களைத் தூக்கியே எறிந்தார். தகரத்துக்கு மேலே கோணிச் சாக்குகளை விரித்துக் கம்பியால் கட்டினார். இடைவெளியிலும் ஆப்புகள் போய், கந்தல் அடைத்த சாக்குகள் வந்தன. ஆப்பு ஒன்று எடுக்கும்போதெல்லாம் தனக்கே ஒரு திட்டு திட்டிக்கொண்டார். எனக்குக் கோபமெல்லாம் போய், அந்த மனுஷன் மேல் ஒரே ஆசையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். காது கேட்கவில்லை என்று இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.

வீட்டுக்குள் வேலை சரியாகிவிட்டது. வெளியே கெட்டுப் போயிருந்தது. எங்கள் லைனில் சுவருக்கு மேல் இருக்கும் இடைவெளியை யாரும் சும்மா அடைப்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் பெரிய சண்டை வந்து, இனி முகத்தில் முழிப்பதில்லை என்று ஆன பிறகுதான் அடைப்பார்கள். ‘அவங்க மேல அடைச்சிக்கினாங்க’ என்றாலே பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததில்லை. ஓசையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததில் அது நினைவுக்கே வரவில்லை. குழாயடியில் ஒருத்தி என் காதருகே வந்து, அக்காவோடு என்ன தகராறு என்று ஆசையாகக் கேட்ட பிறகுதான் திக்கென்றது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் அரிசி கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. “அடைச்சிக்கோ. உன் வூடு, உன் சொவரு. நான் ஏன் கேக்கப் போறேன்?” என்றார். இத்தனை நாள் கிண்ணம் போன வழியை, தான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அடைத்ததுதான் அவருக்கு வலி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரயிலை, டெஸ்டை, தர்மபுரி அம்மாவை. அந்த அம்மா கேட்ட கேள்வியைச் சொன்னபோது அக்காவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. எந்த சீரியல் அது, எந்த நாள் என்று கேட்டார். அது அவர் தப்பில்லை, சுவரின் தப்பு என்று சொன்னேன்.  அவருடைய கணவர் போனபோது அவரும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினவர். நான் கிளம்பும்போது கதவு வரைக்கும் வந்தார். அவ்வளவுதான். மறுபடி பேச்சு வந்தது என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது.

டெஸ்ட் நாள் வந்தது. நாளைத்தான் சொல்லியிருந்தார்கள், நேரத்தைச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வாசலில் காவல் இருந்தார். நான் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டேன். ஃபேனும் போட முடியாது, அதுவே ஒரு சத்தம். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். கிரைண்டர் ஓடும்போது நானே ஒருநாள் பதிவு செய்து கேட்டிருந்தேன். எங்கோ தூரத்தில் லாரி போகிற மாதிரி லேசாகக் கேட்டது. அது தேறுமா, தேறாதா என்று எனக்கு நிச்சயமில்லை. 

குவாலிட்டிப் பெண் பதினொரு மணி வாக்கில் கூப்பிட்டாள். வாடிக்கையாளர் மாதிரி பேசினாள். இடையிடையே என்னை நிறுத்தி, சும்மா இருக்கச் சொல்லி, சத்தம் வருகிறதா என்று கவனித்தாள். மூன்று மொழியிலும் பேச வைத்தாள். கடைசியில், “சூப்பர் மேடம். ஒண்ணுமே கேக்கல. நீங்க பாஸ்” என்றாள்.

துள்ளிக் குதித்து எழுந்தேன். மணல் புடவையைத் தள்ளி, கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன்.

லைன் முழுக்க அமைதியாக இருந்தது. ஒரு டி.வி. இல்லை. காய்கறி ஆட்டோ தெருமுனையில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நின்றது. அதன் டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் வீட்டு வாசல் வழியாகப் பார்த்தேன். ஊறிய அரிசி வாளியில் அப்படியே இருந்தது. கிரைண்டர் மேல் துணி போர்த்தியிருந்தது.

“முடிஞ்சிச்சா? பாஸா?” என்றார் அக்கா.

என் சந்தோஷம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. காலையிலிருந்து அவர் கிரைண்டரைப் போடவேயில்லை, டெஸ்ட் பதற்றத்தில் நான்தான் அதைக் கவனிக்கவில்லை. மாவு வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வீடு வீடாகப் போய் டி.வி.யை அணைக்கச் சொல்லியிருக்கிறார். பேசாமலிருந்த அக்கா செய்த வேலை இது. எனக்கு அழுகை வந்தது. அதோடு சேர்ந்து கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு நாள் போனால் என்ன என்று அக்கா சொன்னார். ஒரு நாள் சரி, நாளைக்கு? நாளை மறுநாள்? நான் பேச வேண்டும் என்றால் அவர் அரைக்கக் கூடாது என்று ஆகிவிட்டால், அந்த அறைக்குள் எந்த முகத்தோடு உட்காருவேன்? இத்தனை டியூபும் சாக்கும் மெத்தையும் எதற்கு?

திரும்பி அறைக்குப் போய்க் குவாலிட்டிப் பெண்ணைக் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். குடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா, ரயில் வேணுமா உனக்கு என்று கையைப் பிசைந்தார். நான் பேச்சைத் தொடங்கிவிட்டேன். பக்கத்து வீட்டில் தினமும் கிரைண்டர் ஓடும், இன்று எனக்காக நிறுத்திவிட்டார்கள், இந்த டெஸ்ட் சரியில்லை, இன்னொரு முறை வையுங்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பாஸ் ஆன டெஸ்டைத் திரும்ப வைக்கச் சொன்ன ஆள் நான்தான் முதல் என்று சொன்னாள். இந்தத் தடவை சத்தம் வந்தால் அதைத்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள்.

“தெரியும். அவங்க வேலைய நிறுத்தி எனக்கு வேலை வேணாம்” என்றேன்.

அக்காவிடம் ஓடினேன். கிரைண்டரைப் போடுங்கள், டி.வி.யையும் போடுங்கள், எவ்வளவு வைப்பீர்களோ அதைவிட அதிகமாக வையுங்கள் என்றேன். பைத்தியமா உனக்கு என்று என்னைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். நானே கிரைண்டர் மேலிருந்த துணியை இழுத்துப் போட்டு, அரிசியை அள்ளிக் கொட்டி, ஸ்விட்சைத் தட்டினேன். கல் கடகடவென்று கிளம்பியது. டி.வி.யில் யாரோ யாரையோ அறைந்தார்கள். நான் வந்து கதவைச் சாத்தி, மணல் புடவையைக் காலால் தள்ளி, உட்கார்ந்தேன்.

அவள் கூப்பிட்டாள். பேசினேன்.  சும்மா இருக்கச் சொன்னாள். இருந்தேன். இன்னும் கொஞ்சம் என்றாள். தலைக்கு மேல் தொங்கிய பலகைகளைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த லாரி கேட்டது.

“லேசா உர்ருனு ஒண்ணு இருக்கு மேடம். அதான் கிரைண்டரா?”

“அதான்.”

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான். தெனமும் ஓடும்.”

கொஞ்ச நேரம் அவள் பக்கம் எதையோ தட்டும் சத்தம். பிறகு, இது லிமிட்டுக்குள்தான் இருக்கிறது, இதையே பாஸ் என்று போட்டுவிடுவதாகச் சொன்னாள். முதல் டெஸ்டை அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். அழித்துவிடச் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். நான் வந்தது அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கு முதுகு காட்டி நின்று, கல்லைச் சுற்றி மாவை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். டி.வி. அலறியது, கிரைண்டர் அலறியது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார். பாஸ் என்று காதருகே கத்தினேன். அவர் மாவுக் கையோடு என் கன்னத்தை வழித்தார். பிறகு சட்டென்று ஞாபகம் வந்தவராகக் கையை ஸ்விட்ச் பக்கம் நீட்டினார்.

“நிறுத்தட்டுமா?”

“வேணாங்க்கா,” என்றேன். “ஓடட்டும்.”